புகார் நிலுவையில் உள்ளது

பொன்னுத்தங்கம் தன் நாற்பத்தாறு வயதுக்குள் அரசாங்கத்திடம் ஒரே ஒரு தடவைதான் புகார் கொடுத்தாள். அந்த ஒரு தடவைக்கே அவளைக் காப்பாற்றுவதற்காக ஒரு அலுவலகம், ஒரு ஜீப், பதினாறு பக்கக் கோப்பு, ஒரு பொன்னாடை எல்லாம் புறப்பட்டு வந்தன. இரண்டாம் தடவையும் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருப்பாளோ, நினைக்கவே பயமாக இருக்கிறது.

விஷயம் ஒரு சங்கிலி. ஐந்து பவுன். அதுவும் அவளுடையது இல்லை, பக்கத்து வீட்டு ஞானபூரணியுடையது.

பங்குனி மாதம் பொன்னுத்தங்கத்தின் புருசன் செந்தூர்பாண்டிக்குப் பட்டாசுக் கம்பெனியில் இரண்டு கையும் வெந்துபோயிற்று. சிவகாசியில் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தார்கள். அங்கேதான் ஞானபூரணி நர்ஸ். ஒன்றரை லட்சம் கட்டினால்தான் தோல் வைத்துத் தைப்போம் என்று சொன்னபோது பொன்னுத்தங்கம் வராண்டாவில் உட்கார்ந்து அழுதாள். டூட்டியில் இருந்த ஞானபூரணி வந்து பார்த்தாள், கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கையில் வைத்தாள். "அடகு வச்சுப் பணத்தைக் கட்டுங்க அக்கா. தை மாசம் ஜெமிமாவுக்குக் கல்யாணம். அதுக்குள்ள திருப்பிக் குடுத்தாப் போதும்" என்றாள். எழுத்தும் இல்லை, சாட்சியும் இல்லை. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. நாரணாபுரத்தில் ஒருத்தி கழுத்து நகை இன்னொருத்தி பேரில் அடகுக் கடையில் இருக்கும். ஜெமிமா என்பது ஞானபூரணியின் ஒரே மகள்.

சங்கிலி மங்கலத்தாரகை கோல்டு பைனான்சுக்குப் போயிற்று. மாதம் ஆயிரத்து எண்ணூறு வட்டி. ஐந்தாம் தேதி பிறந்தால் பொன்னுத்தங்கம் கவுண்டரில் நிற்பாள். கட்டுவாள், சீட்டு வாங்குவாள், மடித்து ரேசன் கார்டுக்குள் வைப்பாள். இப்படி ஏழு மாதம். தீபாவளி போனசும், எடுத்த சீட்டுப் பணமும், புருசனும் பெண்டாட்டியும் ஒரு வேளை டீயைக் குறைத்துச் சேர்த்ததுமாக ஒன்றரை லட்சம் தேறியது. மஞ்சப்பையில் வைத்து, அதன் மேல் ஒரு துண்டை வைத்து, நகையைத் திருப்பப் போனாள்.

மேனேஜர் காளீஸ்வரன் அவளை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். கம்ப்யூட்டரைப் பார்த்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

"அம்மா, நீங்க ஒரு மாசம்கூட வட்டி கட்டலையே."

"என்னய்யா சொல்லுதீக? மாசம் தவறாம கட்டியிருக்கேன். இந்தா பாருங்க சீட்டு, ஏழும் இருக்கு."

காளீஸ்வரன் ஏழு சீட்டையும் விசிறி மாதிரி பிடித்துப் பார்த்தார். "இது வட்டிச் சீட்டு இல்லம்மா. 'மங்கல ரட்சை' பாலிசிக்குக் கட்டின பிரீமியம். உங்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கு. சந்தோசப்படுங்க."

"நான் எப்பய்யா இன்சூரன்ஸ் கேட்டேன்?"

"நகை வச்ச அன்னைக்குப் பதினோரு இடத்துல கையெழுத்துப் போட்டீங்களே, அதுல ஏழாவது அதுதான்."

"அது எதுக்கு எனக்கு?"

"நீங்க இறந்துட்டா உங்க கடனை முழுசும் அது அடைச்சிரும்."

"நான் சாகலையேய்யா."

"அதுதாம்மா இப்பப் பிரச்சினை" என்றார் காளீஸ்வரன்.

வட்டி, வட்டிக்கு வட்டி, அபராதம், அபராதம் போட்டதைத் தெரிவித்த கடிதத்துக்குக் கட்டணம் என்று எல்லாமாக முப்பத்தோராயிரத்து நானூறு ரூபாய் பாக்கி. அசலோடு சேர்த்து முழுதும் கட்டினால்தான் நகை. இல்லாவிட்டால் ஜனவரி ஐந்தாம் தேதி மதுரையில் ஏலம். கல்யாணம் ஜனவரி இருபத்துமூன்று.

பொன்னுத்தங்கம் சத்தம் போட்டாள். கவுண்டரில் இருந்த பெண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். காளீஸ்வரன் மட்டும் கோபப்படவில்லை. எழுந்து வந்து சுவரில் இருந்த ஒரு பலகையைக் காட்டினார். 'உங்கள் குறையைச் சொல்லுங்கள். உங்களைக் காக்க நாங்கள் இருக்கிறோம். மாவட்ட நிதி நுகர்வோர் காவல் மையம், விருதுநகர்' என்று அதில் எழுதியிருந்தது.

"தாராளமாப் போய்ப் புகார் குடுங்க. எங்க மேலதான், தப்பா நினைக்க மாட்டோம். பஸ்ஸுக்குச் சில்லறை வேணுமா?" என்றார்.

கெடுக்க நினைக்கிறவன் இவ்வளவு மரியாதையாக வழி சொல்லமாட்டான் என்று பொன்னுத்தங்கம் நினைத்தாள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதால் அது நல்ல ஓநாய் என்று நினைக்கிற ஜாதி அவள்.

காவல் மையம் விருதுநகரில் ஒரு பருப்பு மண்டிக்கு மேலே மாடியில் இருந்தது. பதினான்கு பேர் வேலை பார்த்தார்கள். ஏழு பேர் புகார்களை மேற்பார்வை செய்தார்கள். மீதி ஏழு பேர் அந்த ஏழு பேரை மேற்பார்வை செய்தார்கள். இவர்கள் எல்லாருக்கும் மேலே முதுநிலை மேற்பார்வை அலுவலர் சபரிநாதன். அவர் மேஜைக்குப் பின்னால் பெரிய அட்டையில் ஒரு படம் தொங்கியது. பொதுமக்கள் ஒரு குடைக்குக் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சபரிநாதன் பொறுமையானவர். கடைசி வரை கேட்டார். பிறகு, "நகை உங்களுடையதுதானே?" என்றார்.

ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் கும்பிட்ட கையோடு பொய் சொல்ல அவளுக்கு வரவில்லை. "இல்லைய்யா, பக்கத்து வீட்டுப் பூரணி குடுத்தது" என்றாள்.

சபரிநாதன் பேனாவை மூடினார். ஒரு புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். இன்னொரு அலுவலரைக் கூப்பிட்டார். இருவரும் ஜன்னல் பக்கம் போய்ப் பேசிவிட்டு வந்தார்கள்.

"சிக்கலான கேஸ் அம்மா. கடன் வாங்கியது நீங்கள். ஆகவே நீங்கள் நுகர்வோர். ஆனால் நகை போனால் உங்களுக்கு நஷ்டமில்லை. நஷ்டம் அந்த அம்மாவுக்கு. ஆனால் அவர் கடன் வாங்கவில்லை. ஆகவே அவர் நுகர்வோர் இல்லை. நுகர்வோருக்கு நஷ்டமில்லை, நஷ்டப்படுபவர் நுகர்வோர் இல்லை. இதில் யாரை நான் பாதுகாப்பது?"

"யாரையாச்சும் ஒரு ஆளைப் பாதுகாங்கய்யா. நகை வந்தாப் போதும்."

கடைசியில் புகார்க் கோப்பின் பதினான்காம் பத்தியில் 'தொடர்புடைய பிறர்' என்று போட்டு ஞானபூரணியின் பேரையும் விலாசத்தையும் எழுதிக்கொண்டார்கள்.

"ஏலத்தை நிப்பாட்டிருவீகளாய்யா?"

"நடக்காத ஏலத்தில் நாங்கள் எப்படித் தலையிடுவது? நடந்துவிட்டால், அது முறையாக நடந்ததா என்று விசாரிக்க எங்களுக்கு முழு அதிகாரம் உண்டு. கவலைப்படாதீர்கள். இந்த மையம் தொடங்கிய நான்கு வருடத்தில் வந்த அத்தனை புகாரையும் முடித்திருக்கிறோம். ஒன்றுகூட பாக்கியில்லை."

"அம்புட்டுப் பேருக்கும் பணம் கெடைச்சுதாய்யா?"

"முடித்திருக்கிறோம் என்றுதான் சொன்னேன்" என்றார் சபரிநாதன் சற்று வருத்தத்தோடு.

பஸ்ஸில் வரும்போது போனில் செய்தி வந்தது. 'உங்கள் புகார் நிலுவையில் உள்ளது. நீங்கள் பாதுகாக்கப்படுகிறீர்கள்.' அதைப் பக்கத்தில் இருந்த காலேஜ் பெண்ணிடம் கொடுத்து இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். மனசுக்குக் கொஞ்சம் தெம்பாக இருந்தது.

மூன்று வாரம் ஒன்றும் நடக்கவில்லை. செந்தூர்பாண்டிக்குப் பொறுக்கவில்லை. "முப்பத்தோராயிரத்துக்காக எம்புட்டு நாள் அலைவ? அடுத்தவ தாலிக்கொடி மாதிரி அந்தச் சங்கிலி. கட்டித் தொலைச்சிருவோம்" என்றான். இருவரும் வேலை பார்க்கிற பட்டாசுக் கம்பெனி முதலாளி கனகசபாபதியிடம் போய் அடுத்த சீசனுக்கு அட்வான்ஸ் கேட்டார்கள். அவர் கொடுத்தார். அட்வான்ஸ் வாங்கிய ஆள் அடுத்த கம்பெனிக்குப் போகமாட்டான் என்பதால் அந்த விஷயத்தில் மட்டும் அவர் தாராளம். வெந்து சுருங்கிய கையால் செந்தூர்பாண்டி நோட்டை எண்ணி மஞ்சப்பையில் போட்டான். ஒரு லட்சத்து எண்பத்தோராயிரத்து நானூறு.

காளீஸ்வரன் பையைத் தொடவே இல்லை. சூடான பாத்திரத்தைக் கண்டவர் போலக் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"அய்யய்யோ, வேண்டாம்மா. உங்க புகார் நிலுவையில இருக்கு. அது முடியறவரை உங்ககிட்ட ஒரு ரூபா நாங்க வாங்கக்கூடாது. வாங்கினா மிரட்டி வாங்கினதா ஆகும். இருபத்திரண்டாவது விதி. உங்களைப் பாதுகாக்கத்தான் போட்டிருக்காங்க."

"அப்போ ஏலமும் நின்னுபோகும்லா?"

"ஏலத்துக்கு அந்த விதி கிடையாது. ஏலத்துல நாங்க உங்ககிட்ட வாங்கலையே, எடுக்கிறவருகிட்டதானே வாங்குறோம்."

"ஏலே, இது எந்த ஊரு நியாயம்லே?" என்று செந்தூர்பாண்டி எழுந்தான். காளீஸ்வரன் அவனுக்கும் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

வேலியில் போன ஓணானைப் பிடித்து மடியில் விட்டுக்கொண்டோம் என்பது பொன்னுத்தங்கத்துக்கு அப்போதுதான் விளங்கியது. "புகார் வேண்டாம்யா, நான் வாபஸ் வாங்கிக்கிடுதேன்" என்றாள்.

"அதுவும் உங்க உரிமைதாம்மா. ஆனா அதை அவங்ககிட்டதான் சொல்லணும்" என்றார் காளீஸ்வரன்.

மறுநாள் சம்பளத்தை விட்டுவிட்டு விருதுநகருக்குப் போனாள். மையத்தில் பூட்டுத் தொங்கியது. கதவில் ஒரு காகிதம்: 'நிதி நுகர்வோர் விழிப்பு வாரத்தை முன்னிட்டு அலுவலர்கள் அனைவரும் நுகர்வோரைச் சந்திக்கச் சென்றிருப்பதால் நுகர்வோர் யாரும் வரவேண்டாம்.' கீழே பருப்பு மண்டியில் கேட்டாள். சிவகாசியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா என்றார்கள். வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

மண்டப வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. உள்ளே இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எல்லாரும் ஒரே நீல நிறச் சட்டை. அத்தனை பேரும் மங்கலத்தாரகையின் கிளைகளில் இருந்து நாற்காலியை நிரப்ப வந்தவர்கள். மேடைக்குப் பின்னால் இருந்த பேனரில் பாதி காவல் மையத்துக்கு, பாதி மங்கலத்தாரகைக்கு. மத்தியான பிரியாணி யார் செலவு என்று கேட்கவேண்டியதில்லை.

சபரிநாதன் பேசிக்கொண்டிருந்தார்.

"சிலர் கேட்கிறார்கள், கண்காணிக்க வேண்டிய நிறுவனத்தின் செலவில் விழா எடுக்கலாமா என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். நுகர்வோர் செலவில் எடுக்கச் சொல்கிறீர்களா? நுகர்வோரைச் சுரண்ட எனக்கு மனம் வராது. நாங்களும் நிதி நிறுவனங்களும் எதிரிகள் இல்லை. ஒரே குடும்பம். குடும்பச் சண்டையை வெளியே கொண்டுபோகலாமா? புகார் கொடுப்பவர் வெளியாள். அவரையும் நாம் அன்போடு நடத்தவேண்டும். எந்த நிறுவனத்தின் மீதும் நாங்கள் இதுவரை அபராதம் விதித்ததில்லை. இதைவிட எங்கள் கண்காணிப்பு வெற்றி பெற்றிருக்கிறது என்பதற்கு வேறு என்ன சான்று வேண்டும்? தப்பு நடந்தால்தானே அபராதம்? தப்பு நடந்ததா என்று பார்த்தால்தானே தப்பு தெரியும்? நம்பிக்கை இருக்கும் இடத்தில் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை."

நீலச்சட்டைகள் கை தட்டின. அப்போது அவர் கண்ணில் வாசலில் நின்ற பொன்னுத்தங்கம் பட்டாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அந்த மண்டபத்தில் உண்மையாகவே புகார் கொடுத்த ஒரே ஆள் அவள்தான்.

"இதோ! நாரணாபுரத்தைச் சேர்ந்த விழிப்புணர்வுள்ள நுகர்வோர்! மேடைக்கு வாருங்கள் அம்மா!"

இரண்டு நீலச்சட்டைகள் வந்து அவளை மேடைக்கு அழைத்துப்போயின. பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தியவர் காளீஸ்வரன். போட்டோ எடுத்தார்கள். நாலு வார்த்தை பேசுங்கள் என்று மைக்கைக் கொடுத்தார்கள்.

"அய்யா, நான் புகாரை வாபஸ் வாங்க வந்தேன்" என்றாள்.

மைக்கைச் சபரிநாதன் மெதுவாக வாங்கிக்கொண்டார். "தன்னடக்கத்தோடு பேசினார்" என்று கூட்டத்துக்குச் சொல்லிவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"வாபஸா? யாராவது மிரட்டினார்களா?"

"யாரும் மிரட்டலைய்யா. பணம் கட்டணும், சங்கிலி வேணும். அம்புட்டுத்தான்."

"மிரட்டப்பட்டவர்களும் இப்படித்தான் சொல்வார்கள். இதைக் கள விசாரணை செய்துதான் முடிவெடுக்க வேண்டும். நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கு நாங்களே வருவோம். வாபஸ் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அங்கேயே கையெழுத்து, அன்றைக்கே நீங்கள் பணத்தைக் கட்டலாம்."

"என்னைக்கு வருவீகய்யா? ரெண்டு கையும் கூப்பி வாசல்லயே நிக்கேன்."

"அதைச் சொன்னால் முன்னறிவிப்பு ஆகிவிடும். முன்னறிவிப்பில்லாமல் வருவதுதான் விசாரணை" என்று சொல்லிவிட்டு அவர் குத்துவிளக்கை ஏற்றப் போனார்.

அன்றிலிருந்து பொன்னுத்தங்கம் ஒரு நாள்கூட லீவு போடவில்லை. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'அய்யா, யாரும் மிரட்டலை, என் சம்மதத்தோட வாபஸ் வாங்குதேன்.' சரவெடி பின்னும்போது உதடு அசைந்துகொண்டே இருக்கும். பக்கத்தில் பின்னுகிற வீரலட்சுமி, "என்ன மதினி, வேதத்துக்கு மாறிட்டியா? சர்ச்சுல மாதிரி செபம் பண்ணுத?" என்று கேலி செய்தாள்.

ஜனவரி இரண்டாம் தேதி, காலை பதினொரு மணி. கேட்டுக்கு வெளியே அரசுப் பலகை மாட்டிய ஜீப் வந்து நின்றது. வாட்ச்மேன் விசிலை ஊதினான்.

இந்த இடத்தில் எங்கள் தொழில் ஒழுக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். பட்டாசு அறை ஒன்றுக்கு நாலு பேர் என்பது சட்டம். கதவில் பெயிண்டில் எழுதியே இருக்கும். சீசனில் உள்ளே ஒன்பது பேர் இருப்பார்கள். கனகசபாபதி கம்பெனியில் ஜனவரியும் சீசன்தான், வடக்கே கல்யாண ஆர்டர். அரசாங்க வண்டி கண்ணில் பட்டால் விசில் ஊதப்படும். விசில் ஊதினால் கதவோரத்து நாலு பேர் உட்கார்ந்தபடி இருக்கவேண்டும். மீதி ஐந்து பேர் பின்பக்கக் கம்பிவேலியில் இருக்கும் சந்து வழியாக நுழைந்து சீமைக்கருவேலங் காட்டுக்குள் போய்விடவேண்டும். என்ன வண்டி, எந்த ஆபீஸ், யார் வந்திருக்கிறார் என்று நின்று கேட்பது வழக்கம் இல்லை. நின்று கேட்டவளால் கம்பெனிக்குச் சீல் வைத்த கதையெல்லாம் உண்டு. சீல் வைத்தால் நூற்றிருபது வீட்டில் அடுப்பு எரியாது. பொன்னுத்தங்கம் இருபத்துமூன்று வருடமாக ஓடுகிறாள். அவள் அறையில் ஐந்தாவது ஆள்.

கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது. பொன்னுத்தங்கம் அதைக் கண்டு ஓடினாள்.

மூளைக்குச் சேதி போகுமுன் கால் போய்விட்டது. பாதி பின்னிய சரத்தைக் கீழே வைத்தாள், சேலையைத் தூக்கிச் செருகினாள், வேலிக்குள் குனிந்தாள், முள்ளுக்குள் ஓடினாள். இருநூறடி தள்ளி ஒரு புதருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தாள். கூடவே நாற்பது பெண்கள் மூச்சு வாங்க உட்கார்ந்தார்கள்.

"இன்னைக்கு எந்த ஆபீசுடி?" என்றாள் ஒருத்தி.

"புது ஜீப்பா இருக்கு. குடைப்படம் போட்டிருக்கு" என்றாள் வீரலட்சுமி.

பொன்னுத்தங்கம் எழுந்தாள். அடுத்த நிமிடம் வந்த வழியே ஓடினாள். "ஏ, உக்காருடி, காட்டிக் குடுத்துராத!" என்று இரண்டு பேர் அவள் சேலையைப் பிடித்து இழுத்தார்கள். தோழிகள் நல்லவர்கள், பிடி வலுவாக இருந்தது. உதறிக்கொண்டு கிளம்பச் சற்று நேரமாகிவிட்டது. காலில் முள் ஏறியதுகூடத் தெரியாமல் வேலியைத் தாண்டி, மருந்து அறைகளைத் தாண்டி, கேட்டுக்கு வந்தாள். ரோட்டில் புழுதி மட்டும் இருந்தது.

போர்மேன் பாண்டி சிரித்த முகத்தோடு நின்றான்.

"அக்கா, உன் பேரைச் சொல்லியே கேட்டாக. பொன்னுத்தங்கம் இருக்காளா, பொன்னுத்தங்கம் எங்கன்னு. நான் விட்டுக் குடுப்பனா? அப்படி ஒரு ஆளே எங்க கம்பெனியில கெடையாதுன்னு அடிச்சுச் சொல்லிட்டேன். ரெஜிஸ்டரையும் காட்டிட்டேன், அதுலயும் நீ இல்லைல்லா. எழுதிட்டுப் போயிட்டாக."

நன்றி சொல்வாள் என்று எதிர்பார்த்தான். பொன்னுத்தங்கம் அவன் சட்டையைப் பிடித்து நெஞ்சில் குத்திக் குத்தி அழுதாள். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை.

மத்தியானம் போனில் செய்தி வந்தது. 'கள விசாரணையில் மனுதாரர் என்று எவரும் இல்லை எனத் தெரியவந்ததால் தங்கள் புகார் முடித்துவைக்கப்படுகிறது.' முடிந்துவிட்டதென்றால் பணம் கட்டலாமே! செந்தூர்பாண்டி மஞ்சப்பையைத் தூக்கிக்கொண்டு சைக்கிளில் பறந்தான். காளீஸ்வரனும் அந்தச் செய்தியை வைத்திருந்தார். முடித்துவைத்த புகாருக்கு முப்பது நாள் மேல்முறையீட்டு அவகாசம் உண்டு என்றும், அது கழியும்வரை புகார் நிலுவையாகவே கருதப்படும் என்றும் அதன் கடைசி வரியைப் படித்துக் காட்டினார். செந்தூர்பாண்டி மேல்முறையீடு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கிறேன் என்றான். அதை மனுதாரர்தான் எழுதிக் கொடுக்கவேண்டும். மனுதாரர் என்று எவரும் இல்லை என்றுதான் முடிவாகிவிட்டதே என்றார் அவர்.

ஐந்தாம் தேதி மதுரையில் ஏலம் நடந்தது. சங்கிலியை எடுத்தது மங்கலத்தாரகை ஜுவல்லரி. கடன் போக மீந்த பணம் புகார் நிலுவையால் நிறுத்திவைக்கப்பட்டது. எல்லாம் முறையாக நடந்ததாகக் காவல் மையம் பதிவு செய்துகொண்டது.

இதை ஞானபூரணியிடம் எந்த முகத்தோடு சொல்வது? ஒரு பகலும் ஒரு ராத்திரியும் பொன்னுத்தங்கம் அதே யோசனையாகக் கிடந்தாள். கையில் இருக்கிற பணத்தை முழுதும் கொடுத்துவிடவேண்டும், மீதிக்கு இரண்டு பேரும் எழுந்து நடமாடுகிறவரை உழைத்து அடைக்கவேண்டும், காலில் விழச் சொன்னால் விழவேண்டும் என்று முடிவு செய்தாள். பூரணி திட்டுவாள், அழுவாள். ஆனால் பணத்தை வாங்கிக்கொண்டு போய்க் கல்யாணத்துக்கு மூன்று பவுனாவது எடுத்துவிடுவாள். அந்த மட்டுக்கும் அந்தப் பிள்ளை கழுத்து நிறையும்.

ஆறாம் தேதி சாயங்காலம் ஞானபூரணி டூட்டி முடிந்து வருகிற நேரம் பார்த்துப் பையோடு போனாள். ஆனால் அவளுக்கு முன்னால் காவல் மையம் போயிருந்தது. நான்கு வருடத்தில் அவர்கள் ஒரே ஒரு காரியத்தைச் சுறுசுறுப்பாகச் செய்திருக்கிறார்கள் என்றால் அது இதுதான். காலையிலேயே சபரிநாதன் ஆஸ்பத்திரிக்கு நேரில் வந்து, பதினான்காம் பத்தியில் இருந்த 'தொடர்புடைய பிற'ரைச் சந்தித்துவிட்டார். இப்போது நஷ்டம் நடந்துவிட்டது. நஷ்டப்பட்டவர் யார் என்பதில் சந்தேகம் இல்லை. நஷ்டப்படுத்தியவர் யார் என்பதையும் விதிப்புத்தகம் சொல்லிவிட்டது. பிறர் நகையைப் பெற்று அடகு வைத்துப் பணம் திரட்டிய, பதிவு பெறாத நிதி இடைத்தரகர். காவல் மையத்தின் வரலாற்றில் முதல் அபராத நோட்டீஸ் பொன்னுத்தங்கத்தின் பேரில் தயாராகிக்கொண்டிருந்தது. நிறுவனங்கள் மீது நடவடிக்கையே இல்லை என்று இனி யாரும் அவர்களைக் குறை சொல்லமுடியாது.

ஞானபூரணி வெள்ளை யூனிபார்மைக்கூட மாற்றாமல் வாசலில் நின்றாள். அழுது முடித்த முகம்.

"பூரணி, நான் பாவி. உன் சங்கிலியைக் காப்பாத்த முடியலை. இதுல ஒரு லச்சத்து எண்பத்தோராயிரத்து நானூறு இருக்கு. இதைப் பிடி. மீதியை எப்பாடு பட்டாவது..."

ஞானபூரணியின் கை தானாக முன்னால் வந்தது. ஆஸ்பத்திரி வராண்டாவில் யோசிக்காமல் கழுத்துக்குப் போன அதே கை. பையின் மீது படப்போகும்போது நின்றுவிட்டது. பிறகு அவள் அதைப் பின்னால் கொண்டுபோய் மற்றக் கையால் பிடித்துக்கொண்டாள்.

"வேண்டாம் அக்கா."

"ஏன்டி?"

"காலைல ஒரு ஆபீசர் வந்தாரு. நல்ல மனுசன். முழுச் சங்கிலியும் மீட்டுத் தாரோம்னு சொன்னாரு. அவரு எழுதுன புகார்ல கையெழுத்துப் போட்டுட்டேன். புகார் நிலுவையில இருக்கும்போது உங்ககிட்ட இருந்து பத்துக் காசு வாங்குனாலும் புகார் செல்லாதாம்."

"ஏ பூரணி, நம்பாதடி. எனக்கும் இப்படித்தான் சொன்னாக."

"உங்க கேசு வேறயாம். உங்களுக்கு நஷ்டம் இல்லையாம்" என்றாள் ஞானபூரணி. அவள் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. புதிதாகக் கேட்டதை அப்படியே நம்பிச் சொன்னாள். சங்கிலி ஏலம் போன அன்றுகூடப் பொன்னுத்தங்கத்துக்கு இப்படி வலிக்கவில்லை.

"ஜெமிமா கழுத்துக்கு?"

"கவரிங் எடுத்திருக்கோம்."

பொன்னுத்தங்கம் பையை வாசற்படியில் வைக்கப் பார்த்தாள். ஞானபூரணி, "வச்சிராதீக அக்கா, எடுத்திருங்க" என்று பதறினாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க இங்கன வந்து பேசுனா அதையும் அவுககிட்டச் சொல்லணும்னு நம்பர் குடுத்திருக்காரு. நான் என்ன செய்யட்டும் அக்கா?" என்றாள்.

"சொல்லிரு" என்றாள் பொன்னுத்தங்கம். "சொல்லாம விட்டா உன் புகாரும் செல்லாம போயிரும்."

பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். பின்னால் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு, கதவுக்கு அந்தப் பக்கம் போனில் நம்பர் அழுத்துகிற சத்தமும் கேட்டது.